கேன்சல் பொத்தானைத் தொடாதவர்கள்

திரையில் குதித்து வந்து நிற்கும் அறிவிப்புப் பெட்டியை எழுதுவதுபோல நன்றிகெட்ட வேலை எங்கள் தொழிலில் வேறு இல்லை; நாம் அரை நாள் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைச் சரிசெய்வோம், எதிரே இருப்பவர் அதைப் படிக்காமலே மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஏதாவது ஒரு கிளை அலுவலகத்தில் நின்று, "மெசேஜைப் படிச்சீங்களா?" என்று கேட்டு, "எந்த மெசேஜுங்க?" என்ற பதிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பீர்கள்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. எம்.சி.ஏ. முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். புரோகிராம் எழுத நானும் ஜெகனும் மட்டும்தான். ஜெகனும் எம்.சி.ஏ.தான், சென்னைக்காரன், சர்வர் அவன் பொறுப்பு. திரையில் தெரிவதெல்லாம் என் பொறுப்பு. நான் பொள்ளாச்சிக்காரி என்பதால், வாடிக்கையாளரிடம் பேசுவதும் திட்டு வாங்குவதும் என் தலையில் விழுந்தது.

ஒரு கேள்வி, இரண்டு பொத்தான்

எங்கள் பெரிய வாடிக்கையாளர் நாச்சிமுத்து ஐயா. கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி வைத்திருந்தார். குஞ்சும் தீவனமும் இவர் கொடுப்பார், தோட்டத்துக்காரர்கள் தங்கள் ஷெட்டில் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அன்னூர், காங்கேயம், தாராபுரம் மூன்று ஊரிலும் கிளை உண்டு. அன்றன்று பொரிந்த குஞ்சு அன்றன்று லாரி ஏறும். அதற்குள் ஷெட்டில் உமி பரப்பி, பக்கவாட்டில் படுதா இறக்கி, கரி அடுப்பைப் பற்றவைத்துச் சூடேற்றியிருக்க வேண்டும். குளிர்ந்த ஷெட்டில் இறக்கினால் குஞ்சுகள் சூட்டுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

எனவே லாரி கிளம்புமுன் ஒவ்வொரு கிளையின் திரையிலும் ஒரு பெட்டி குதிக்க வேண்டும் என்றார் ஐயா. 'ஷெட் தயாரா? குஞ்சை அனுப்பட்டுமா?' என்று கேட்க வேண்டும். கீழே 'ஓகே', 'கேன்சல்' இரண்டு பொத்தான். அந்தக் காலத்தில் அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்து வராது, புள்ளியும் கோடுமாக ஏதோ வரும். அதனால் கேள்வியை இங்கிலீஷில் வைத்தோம். இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர், போனில் கேட்டால் போதாதா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "போன்ல கேட்டா ஊர்க்கதையெல்லாம் சொல்றானுங்க அம்மணி. எனக்கு ஆமாவா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். சட்டுனு அமுத்தற மாதிரி போட்டுக் குடு."

ஆடிக் காற்று

ஆரம்பத்தில் எல்லாக் கேள்விக்கும் 'ஓகே' வந்தது. மூன்று கிளையும் உடனுக்குடன் பதில் சொல்லின. ஐயா பூரித்துப்போய் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். ஒரு 'கேன்சல்' கூட வரவில்லையே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தது. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஷெட்டின் படுதா கிழிந்து தொங்கியது. அன்னூர்க் கிளையைப் பார்த்துக்கொண்டவர் தங்கவேல். முந்தின நாளே அவர் போய்ப் பார்த்திருக்கிறார். தைத்துக் கட்ட இன்னொரு நாள் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் காலையில் பெட்டி வந்ததும் 'ஓகே' அமுக்கிவிட்டார். லாரி போய்க் குஞ்சை இறக்கியது. பொழுது சாய்வதற்குள் பாதிக் குஞ்சு போய்விட்டது. ஐயா நேரில் வந்து, செத்ததைக் கூடையில் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நீ ஊட்டுக்குப் போயிரு தங்கவேலு" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்று அர்த்தம். தங்கவேலுக்கு இருப்பது மழையை நம்பிய கொஞ்சம் பூமி. இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கோழியை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாத மனிதர்.

பெட்டியில் கோளாறா என்று பார்க்க என்னை அன்னூருக்கு அனுப்பினார்கள். பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. "ரெடியில்லைன்னு தெரிஞ்சுதே, ஏனுங்க கேன்சல் அமுத்தலை?" என்று தங்கவேலிடம் கேட்டேன். கோயிலில் செருப்போடு நுழையச் சொன்னதுபோல அவர் முகம் மாறியது. "அதெப்படிங்க அம்மணி? அனுப்பட்டுமான்னு மொதலாளி கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிங்க அமுத்தறது? ஓகே அமுத்திப்போட்டு, லாரி வாரதுக்குள்ள எப்படியாச்சும் படுதாவக் கட்டிப்போடலாம்னு ஓடுனேனுங்க."

நிச்சயமாகவா?

ஜெகன் இதற்கு உடனே வைத்தியம் சொன்னான். புத்தகத்தில் இருக்கிற வைத்தியம்தான்: 'ஓகே' அமுக்கினால் 'நிச்சயமாகவா?' என்று இன்னொரு பெட்டி குதிக்க வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. போட்டுவிட்டோம்.

தங்கவேல் இரண்டு 'ஓகே'யையும் முன்பைவிட வேகமாக அமுக்கக் கற்றுக்கொண்டார். தாராபுரத்தில்தான் வெடித்தது. அங்கே கிளையைப் பார்த்துக்கொண்டவர் துரைசாமி அண்ணன். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத வேட்டி. அவர் போனில் பேசவில்லை. தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, ஜவுளிக்கடை மாடிப்படி ஏறி வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. "ஒருக்கா செரின்னு சொன்னவன மறுக்கா நெசமான்னு கேட்டா, அவனப் பொய்யன்னு சொல்றீங்கன்னு அர்த்தமுங்க. பொண்ணு குடுத்து எடுத்த எடத்துலகூட எங்கள ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லீங்க."

தாராபுரத்து லைன்

இரண்டாவது பெட்டியை எடுத்துவிட்டோம். ஆனால் துரைசாமி அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. தன் வார்த்தையை இனி யாரும் சந்தேகப்படக் கூடாது என்று முடிவு செய்தார். பெட்டி வந்தால் 'ஓகே'யும் அமுக்கமாட்டார், 'கேன்சலும்' அமுக்கமாட்டார். அதை அப்படியே திரையில் நிற்க வைத்துவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், உமியைக் கையால் அள்ளிப் பார்த்து, அடுப்புக்கிட்ட நின்று பார்த்து, திரும்பி வந்துதான் பதில் சொல்லுவார்.

இது எவ்வளவு நல்ல பழக்கம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கிளைக்கு இருப்பது ஒரே டெலிபோன் லைன். மோடம் அதே லைனில்தான் ஓடுகிறது. பெட்டி காத்திருக்கிற நேரமெல்லாம் லைனும் பிஸி. ஹெட் ஆபீஸ் கூப்பிட்டாலும் கிடைக்காது, தீவனம் தீர்ந்துபோன தோட்டத்துக்காரர் கூப்பிட்டாலும் கிடைக்காது. ஹேச்சரியில் லாரி டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். பெட்டியை மூடிவிட்டுப் போகலாமே, திரும்பி வந்து திறந்துகொள்ளலாமே என்று நான் துரைசாமி அண்ணனிடம் கெஞ்சினேன். "கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம மூடிப்போட்டுப் போறது மரியாதையாங்க அம்மணி? நான் பொட்டிகிட்ட வாரேன்னு சொல்லிப்போட்டுத்தான் போறேன்."

திருப்பிப் போட்ட கேள்வி

இதற்குள் தங்கவேல் பாதி உடம்பாகிவிட்டார். பெட்டி வந்ததும் 'ஓகே' அமுக்கிவிட்டு, லாரிக்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்ச் சேரப் பைக்கில் பறப்பார். ஒரு தடவை தோட்டத்துக்காரர் வீட்டில் இல்லாமல், தானே கரி ஊதிச் சூடேற்றியிருக்கிறார். லாரி டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்னொரு லோடு கெட்டால் அவர் வேலை போகும். அவர் அமுக்கும் 'ஓகே' என்னுடைய பெட்டியில் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது ஒரு யோசனை வந்தது. எல்லாரும் 'ஓகே'தானே அமுக்குகிறார்கள்? கேள்வியையே திருப்பிப் போட்டுவிட்டால்? 'ஷெட் தயாராகவில்லை என்றால் குஞ்சை நாளைக்கு அனுப்பட்டுமா?' என்று மாற்றினேன். தயாரில்லாதவர் மரியாதை குறையாமல் 'ஓகே' அமுக்கலாம். ரொம்பப் பெருமையாக இருந்தது, ஜெகனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை மூன்று கிளையும் 'ஓகே' அமுக்கின. மொதலாளி நாளைக்கு அனுப்பட்டுமா என்கிறார், அவருக்கு ஏதோ அசௌகரியம்போல என்று மூன்று பேரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்று ஊரிலும் ஷெட் சூடாக இருந்தது. ஹேச்சரியில் குஞ்சுப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன, அந்தக் கீச்சுச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. ஐயா என்னைக் கூப்பிட்டு அந்தச் சத்தத்துக்கு நடுவில் நிறுத்தினார். "நாளைக்கு வாரேன்னு குஞ்சு முட்டைக்குள்ளயே இருந்துக்குமா அம்மணி?"

இல்லாத விடை

பழைய கேள்வியைத் திரும்பப் போடுவதற்காக அன்னூர் போயிருந்தேன். தங்கவேல் எதிரே ஒரு தோட்டத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் குஞ்சு இறக்கும் முறை வரவில்லை, ஆனால் இந்த வாரமே வேண்டும் என்றார். தங்கவேல் டீ வரவழைத்தார். போர்வெல்லில் தண்ணீர் எப்படி என்று விசாரித்தார். மகள் நிச்சயதார்த்தம் என்றைக்கு என்று கேட்டார். கடைசியில் "பாக்கலாங்க" என்றார். அவ்வளவுதான். வந்தவர் முகம் கோணாமல் எழுந்து, "செரிங்க, வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

"என்னங்க, இவருக்குக் கொடுக்கப் போறீங்களா?" என்றேன். "இல்லைன்னு சொல்லிப்போட்டேனுங்களே அம்மணி" என்றார் தங்கவேல், நான் ஏன் கேட்கிறேன் என்றே புரியாமல். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவிடம் ஸ்கூட்டி கேட்டபோது அவர் "பாக்கலாம் கண்ணு" என்றார், நான் மறுபடி கேட்கவே இல்லை. ஒருவரை மறுப்பதற்கு எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. நான் மட்டும் அதற்குப் பொத்தான் வைக்காமல் மனிதர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறியதும் ஜெகனிடம் மூன்றாவது பொத்தான் வேண்டும் என்றேன். அவன் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் பதில் சொன்னான். "கன்ஃபார்ம் பாக்ஸ்ல ஆமா, இல்லை ரெண்டுதான் திரும்பி வரும். பாக்கலாங்கன்னு ஒரு வேல்யூ உலகத்துல எந்த லாங்குவேஜ்லயும் கிடையாது, தாயே."

ஐப்பசி மழை

அவன் சொன்னது சரிதான். அதனால் அந்தப் பெட்டியையே தூக்கிவிட்டு, தனியாக ஒரு சின்ன ஜன்னல் குதிக்கும்படி எழுதினேன். அதில் தமிழ் எழுத்தும் வந்தது. 'செரிங்க', 'வேண்டாங்க', 'பாக்கலாங்க' என்று மூன்று பொத்தான் வைத்தேன். கிளை எதை அமுக்கினாலும் ஐயாவின் திரையில் ஒரு பெட்டி குதித்துச் சொல்லும். ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. நான் கேட்டது ஆமா, இல்லை இரண்டுதானே என்றார். ஆனாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, நல்ல மழை. ஐயாவின் கம்ப்யூட்டரில் ஏதோ சரிசெய்ய நான் ஹேச்சரியில் இருந்தேன். மூன்று லாரியிலும் குஞ்சு ஏற்றியாகிவிட்டது. காங்கேயத்திலிருந்து 'செரிங்க' வந்தது. அங்கே இன்னொரு ஷெட்டும் சூடேற்றி வைத்திருப்பதாக முன்னமே சொல்லியிருந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தாராபுரத்து 'செரிங்க' வந்தது. அன்னூர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாக 'ஓகே' அமுக்குகிறவர் தங்கவேல். லாரி டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டார். அப்போது ஐயாவின் திரையில் பெட்டி குதித்தது: 'அன்னூர்: பாக்கலாங்க'. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். குஞ்சு ஏற்றிய லாரி நிற்கும்போது கிளைக்காரன் மறுக்கிறான்; அவர் கோபப்பட்டால் தங்கவேல் வேலை இந்தப் பொத்தானாலேயே போகும். ஐயா எழுந்து வராந்தாவுக்குப் போய், மழைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார். அன்னூர் லாரியை அங்கே விட வேண்டாம், காங்கேயத்துக்கு விடு என்றார்.

பிறகு அன்னூருக்குப் போன் போட்டார். மோடம் இன்னும் விடவில்லை, லைன் பிஸி. சிறிது நேரத்தில் தங்கவேலே கூப்பிட்டார், எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து. மழைக்கு மேலே அவர் கத்திப் பேசியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. தோட்டத்துக்காரரோட அப்பா தவறிட்டாருங்க. எழவு ஊட்டுல போயி, கரி பத்த வெச்சாச்சான்னு கேக்க மனசு வரலீங்க. நானே பத்த வெக்கலாம்னா உமியெல்லாம் நனைஞ்சு கெடக்குதுங்க. ஆனா, ஐயா, நான் உங்ககிட்ட இல்லைன்னு சொல்லலீங்க." ஐயா ரிசீவரைக் காதில் வைத்தபடி லாரி கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சு காங்கேயம் போகிறது, நீ அந்த வீட்டுக் காரியத்தைக் கூடவே நின்று பார் என்றார். தங்கவேல் விடவில்லை, இல்லைன்னு சொல்லலீங்கய்யா என்று மறுபடி ஆரம்பித்தார். "நீ சொல்லவே இல்ல தங்கவேலு. எனக்குத்தான் கேட்டுச்சு."

ஆக, இரண்டே விடை தெரிந்த ஒரு இயந்திரத்துக்கு இரண்டு எம்.சி.ஏ. பட்டதாரிகள் மாதக்கணக்கில் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தது, எங்கள் ஊரில் ஒரு மனிதர் எப்படி மாட்டேன் என்பார் என்பதை மட்டும்தான்.